ஏரிக்குப் போகும் நாள்

ஏரி மறுபடியும் நகர்ந்திருந்தது.

நேற்று சாயங்காலம் வரை அது பயணத் தாளில் ஒன்பதாம் நாளில் இருந்தது. இன்று காலை டீயை மேஜையில் வைக்கப் போனவள் பார்த்தாள், பதினாறாம் நாளுக்குப் போய்விட்டிருந்தது. ஸ்கேல் வைத்து பென்சிலால் இழுத்த கட்டங்கள். ஒன்பதாம் நாளின் கட்டத்தில் ரப்பரால் தேய்த்த அழுக்கு மட்டும் மிச்சம். அந்த அழுக்கின் மேலே ‘கோபுரம், காலை 10.00 முதல் 12.40 வரை’ என்று கணவருடைய அச்சடித்தது போன்ற கையெழுத்து வந்து உட்கார்ந்திருந்தது. குளியலறையில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அவர் வெளியே வர இன்னும் ஏழு நிமிஷம். ஆறும் ஆகாது, எட்டும் ஆகாது. அவள் டம்ளரைக் கையில் பிடித்தபடியே முதல் கட்டத்திலிருந்து வாசித்துக்கொண்டு வந்தாள். முதல் நாள், விமானம். இரண்டாம் நாள், ஓய்வு. அப்புறம் அருவி. அப்புறம் இரண்டு பெரிய நகரம், நாலு அருங்காட்சியகம், ஒரு பாலம், மூன்று நாள் ரயில். தாளின் தலைப்பில் பெரிய எழுத்தில் ‘விடுமுறைப் பயணம்’ என்று எழுதி, அடியில் இரட்டைக் கோடு.

இது நாலாவது தாள். முதல் தாளில் ஏரி மூன்றாம் நாளில் இருந்தது. இரண்டாவதில் ஐந்து. அருவியை விட்டுவிட்டு எப்படிப் போவது, அவ்வளவு தூரம் போய்விட்டு, என்றார். அவளும் சரி என்றாள். ஏழானபோதும் சரி என்றாள். ஒன்பதானபோது ஒன்றும் சொல்லவில்லை. அவர் அதையும் சரி என்றே எடுத்துக்கொண்டார்.

விசா விண்ணப்பத்தில் பயணத்தின் நோக்கம் என்று ஒரு கட்டம் இருந்தது. வியாபாரம், படிப்பு, உறவினரைச் சந்தித்தல், விடுமுறை. அவர் பேனாவை வெகுநேரம் உறவினர் கட்டத்தின் மேலேயே வைத்திருந்தார். அதில் டிக் போட்டால் உறவினரின் தற்போதைய முகவரியை எழுத வேண்டும். விடுமுறையில் டிக் போட்டார். அன்றைக்கு ஆரம்பித்தது இந்த விடுமுறை. டிராவல்ஸ் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் இவர்களைப் பார்த்து, “என்ன ஆன்ட்டி, செகண்ட் ஹனிமூனா?” என்று கண்ணடித்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அவர், “ஆமாம்மா, முதல்ல போனது ஞாபகமே இல்ல” என்று சிரித்தார். இரண்டு வருஷத்தில் அவர் சிரித்தது அப்போதுதான். அதனால் அவள் அந்தப் பொய்யை அப்படியே விட்டுவிட்டாள்.

அவர்கள் பையன் அங்கேதான் வேலை பார்த்தான். வடக்கே, வரைபடத்தின் மேல்பாதி முழுவதையும் அடைத்துக்கொண்டு கிடக்கும் அந்த நாட்டில். நகரத்தை விட்டு ஒரு மணி நேரம் வண்டியில் போனால் மனுஷ வாடையே இருக்காதும்மா, வெறும் மரமும் தண்ணியும்தான் என்று போனில் சொல்வான், ஏதோ மரத்தையும் தண்ணீரையும் அவனே கண்டுபிடித்தது போல. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, ஆபீஸ் ஆட்கள் நாலு பேர் இரண்டு சிறு படகில் ஏரிக்குள் போனார்கள். மத்தியானத்துக்கு மேல் காற்று திரும்பியது. மூன்று பேர் கரை ஏறினார்கள். ஒன்பது நாள் தேடினார்கள். கவிழ்ந்த படகு கிடைத்தது. ஒரு துடுப்பு கிடைத்தது. பத்தாம் நாள் பனி விழ ஆரம்பித்துவிட்டது.

ஏரிக்கரை வன அலுவலகத்திலிருந்து வந்த கடிதம் அவள் கைப்பையில் இருந்தது. மடிப்பு கிழிந்து, இரண்டு தரம் டேப் ஒட்டியாகிவிட்டது. நீங்கள் வந்தால் எங்கள் காவலர் உங்களைப் படகில் அந்த இடத்துக்கே கூட்டிப்போவார். ஏரிக்கு தினம் ஒரே ஒரு சிறிய பஸ். அக்டோபர் இரண்டாம் தேதியோடு அதுவும் நின்றுவிடும், பாதையை மூடிவிடுவோம். பாதை மறுபடி திறக்க ஜூன் ஆகும். இவர்களுடைய விசா மார்ச்சோடு சரி.

விரலை மடக்கி எண்ணினாள். செப்டம்பர் பதினெட்டு முதல் நாள். அப்படியென்றால் பதினாறாம் நாள்...

மறுபடி எண்ணினாள். அக்டோபர் மூன்று.

தண்ணீர்ச் சத்தம் நின்றது. அவள் டம்ளரைத் தாளின் மேலே படாமல், தள்ளி வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

அவள் வேலை ரத்தம் எடுப்பது. பரிசோதனைக் கூடத்தின் முன்னறையில் கைப்பலகை வைத்த நாற்காலி ஒன்று, சுழலும் ஸ்டூல் ஒன்று. ஒரு நாளைக்கு அறுபது கை. வருகிறவர்கள் அவளை ‘வலிக்காத அக்கா’ என்பார்கள். அவள் இல்லாத நாளில் திரும்பிப் போய்விட்டு அடுத்த நாள் வருகிறவர்கள்கூட உண்டு. ரகசியம் ஒன்றும் பெரிதில்லை. ரப்பர் பட்டையைக் கட்டுவாள், முழங்கை மடிப்பில் கட்டைவிரலால் நரம்பைத் தேடுவாள், “அந்தப் பக்கம் பாருங்க, அந்தக் காலண்டர்ல என்ன மாசம்?” என்பாள். அவர்கள் மாசத்தைச் சொல்லி முடிப்பதற்குள் ஊசி உள்ளே போய் வெளியே வந்திருக்கும். பஞ்சை வைத்து அழுத்தி, கையை மடக்கிவிட்டு, “அஞ்சு நிமிஷம் இப்படியே வெச்சுக்கோங்க” என்பாள். அவ்வளவுதான்.

அன்றைக்குப் பதினோரு மணிக்கு வந்த ஒரு பெரியவரிடம் அதையே சொன்னாள். “அந்தப் பக்கம் பாருங்க.” அவர் நல்ல பிள்ளையாகத் தலையைத் திருப்பிக் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு புடைக்க, கண் இமைக்காமல் பார்த்தார். அவளுக்குச் சட்டென்று கோபுரம் ஞாபகம் வந்தது. அருவி, பாலம், நாலு அருங்காட்சியகம், மூன்று நாள் ரயில். எத்தனை காலண்டர்!

“ஸ்ஸ்... என்னம்மா, வலிக்குதே” என்றார் பெரியவர்.

முப்பது நிமிஷம் முன்னதாகப் பர்மிஷன் கேட்டுக்கொண்டு கணவரின் டிப்போவுக்குக் கிளம்பினாள்.

அவருக்கு பஸ் டிப்போவில் நேரப் பட்டியல் போடும் வேலை. முப்பத்தோரு வருஷம். எந்த பஸ் எத்தனை மணிக்கு எங்கே இருக்க வேண்டும், எந்த சிக்னலில் எவ்வளவு நேரம் போகும், மழைக்கு எத்தனை நிமிஷம், பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு எத்தனை நிமிஷம், எல்லாம் அவர் பென்சிலில் இருந்துதான் இறங்கும். டிரைவர்கள் அவருக்கு வைத்திருக்கிற பெயர் மணிக்கூண்டு. கேட்டருகே நின்ற ஒரு டிரைவர் அவளைப் பார்த்ததும் வழக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். “வாங்கக்கா, நல்ல நேரத்துல வந்தீங்க. சூடா ஒரு டீ குடிக்க ஆறு நிமிஷம் குடுத்திருக்காரு. நாக்கு வெந்து போகுது. வீட்லயும் இப்படித்தானா?”

“வீட்ல அஞ்சுதான்” என்றாள். டிரைவர் சிரித்துக்கொண்டே வழி விட்டார்.

உள்ளறையில் கணவர் முதுகுக்குப் பின்னால் சுவர் நீளத்துக்கு ஒரு பலகை. வரிசை வரிசையாகக் கொக்கி, கொக்கிக்கு ஒரு தகரத் தகடு, தகட்டில் பஸ் நம்பர். பஸ் வெளியே போனால் தகடு இடது பக்கம். திரும்பி வந்தால் வலது பக்கம். போனது அறுபத்து நாலென்றால் வந்ததும் அறுபத்து நாலாக இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அவர் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. கல்யாணமான புதிதில் இதற்காகவே எத்தனையோ சண்டை.

“என்ன, இந்நேரத்துல?” என்றார்.

“பதினாறாம் நாள் என்ன தேதிங்க?”

அவர் நிமிரவில்லை. ஒரு தகட்டை எடுத்துத் துணியால் துடைத்தார். “மூணு.”

“ஏரிக்குக் கடைசி பஸ் எப்போ?”

வெளியே ஒரு பஸ் பின்னால் வந்து நின்றது.

“முப்பத்தோரு வருஷத்துல மூடின ரோட்டுல ஒரு பஸ்ஸை விட்டிருக்கீங்களா? ஒண்ணே ஒண்ணு?”

“கவனிக்கல.”

“நீங்களா?”

தகட்டைக் கொக்கியில் மாட்டினார். அது ஆடிக்கொண்டே இருந்தது. ஆட்டம் நிற்கும் வரை அதையே பார்த்தார். “அங்க போய் என்ன இருக்கு? தண்ணிதான இருக்கும்.”

“தண்ணியைத்தான் பாக்கணும்.”

“நீ பாத்துடுவ. உனக்கு எதையும் நேராப் பாத்துப் பழக்கம்.” இன்னொரு தகட்டைக் கழற்றினார். “ஒரு பஸ் வரலைன்னா நான் என்ன எழுதுவேன் தெரியுமா? லேட். எத்தனை மணி ஆனாலும் லேட்தான். ரத்துன்னு நான் எழுத முடியாது. அதுக்கு மேல இருக்கறவங்க கையெழுத்து வேணும். இப்போ அவன் லேட். அவ்வளவுதான். அங்க போய் நின்னுட்டோம்னா...”

அவள் அவர் எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். பரிசோதனைக் கூடத்தில் இருப்பது போலவே சுழலும் ஸ்டூல். அது அவளுக்குக் கொஞ்சம் தைரியமாக இருந்தது.

“மேல யாரும் இல்லைங்க. நாம ரெண்டு பேர்தான். நான் போடறேன் அந்தக் கையெழுத்தை.”

அவர் வெகுநேரம் மேஜை இழுப்பறையின் பூட்டையே பார்த்தார். பிறகு திறந்து ஒரு புதுத் தாளை எடுத்தார். ஸ்கேலை எடுத்தார். பென்சிலைச் சீவினார், முனை உடைந்தது, மறுபடி சீவினார். முதல் நாள், விமானம். இரண்டாம் நாள், உள்நாட்டு விமானம். மூன்றாம் நாள்... அந்தக் கட்டத்தில் ‘ஏரி’ என்று எழுதிவிட்டு, நேரம் போடாமல் விட்டார். அவர் எழுதி நேரம் போடாத கட்டத்தை அவள் அன்றுதான் பார்த்தாள்.

“கோபுரம் இருக்கட்டும்” என்றாள். “அதுக்கப்புறம் பாத்துக்கலாம்.”

“ஏறுவியா? உனக்குத் தலை சுத்தும்.”

“ஏறறேன்.”

அவர் மீதிக் கட்டங்களைப் போட்டு முடிக்கும்வரை அவள் பலகையில் தகடுகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

டிராவல்ஸ் ஆபீஸில் இவர்கள் நுழைவதைப் பார்த்ததுமே அந்தப் பெண் கையைக் கூப்பினாள். “அங்கிள், ப்ளீஸ். இதுதான் ஃபைனல்னு சொல்லுங்க. உங்க ஃபைலைத் திறந்தாலே என் கம்ப்யூட்டர் அழுகுது.”

“ஃபைனல்மா.”

“சத்தியமா?”

“சத்தியமா” என்றாள் அவள்.

பெண் தாளைத் திரைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு தட்ட ஆரம்பித்தாள். பார்த்தவுடன், “அட, ஏரி முன்னாடி வந்துடுச்சு! குளிருமே ஆன்ட்டி, ஸ்வெட்டர் இருக்கா?” என்றாள். விமானம் முடிந்தது. தங்கும் அறை முடிந்தது. ஏரிக்குப் போகும் சிறிய பஸ்ஸுக்கு வந்தாள். விரல்கள் நின்றன. தாளைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

“அங்கிள், போறப்ப ரெண்டு சீட்டு போட்டிருக்கீங்க. திரும்பி வர்றப்ப மூணுன்னு இருக்கு. கை தவறிடுச்சா? ரெண்டுன்னு மாத்திடவா?”

அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். பரீட்சையில் பிட்டோடு பிடிபட்ட பிள்ளை போல இருந்தது முகம். மெதுவாக, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். “போனது மூணு பேர்ல்ல? ஒருத்தன் முன்னாடியே போயிட்டான். நாம இப்போ போறோம். வர்றதும் மூணா இருக்கணும்ல?”

கண் எதிரே போட்ட கட்டம். அவள் தகடுகளை எண்ணிக்கொண்டிருந்தபோது எழுதியிருக்கிறார். அந்த ‘3’ பென்சிலால் இரண்டு தடவை அழுத்தி எழுதப்பட்டு, மற்ற எழுத்துக்களைவிடக் கறுப்பாக இருந்தது. ரெண்டு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சாயங்காலம் முழுக்கப் போராடியது அந்த ஒரு வார்த்தைக்காகத்தான். வாய் வரை வந்தது.

“யாராவது உங்ககூட வர்றாங்களா ஆன்ட்டி?” பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “பேரெல்லாம் வேணாம், இந்த பஸ்ஸுக்குத் தலை எண்ணிக்கைதான். சொந்தக்காரங்க யாராச்சும்?”

“எங்க பையன்” என்றாள் அவள்.

“ஓ! பையன் அங்கதான் இருக்காரா? சொல்லவே இல்ல பாத்தீங்களா!”

“அங்கதான் இருக்கான்.”

“அப்போ மூணு போட்டுடறேன்.”

“போடும்மா.”

கீபோர்டு மறுபடி சத்தம் போட்டது. அவர் இடது கை மேஜைமேல் மல்லாந்து கிடந்தது, சட்டைக் கை முழங்கை வரை ஏறியிருந்தது. அவள் தன் கட்டைவிரலை அந்த மடிப்பில் வைத்தாள். நரம்பு குதித்துக்கொண்டிருந்தது. அழுத்திப் பிடித்தாள். பிறகு, ஒவ்வொரு நாளும் அறுபது பேருக்குச் செய்வது போலவே, அந்தக் கையை மெல்ல மடக்கிவிட்டாள்.

பிரிண்டர் உறுமிக்கொண்டு முதல் தாளை வெளியே தள்ளியது. “அங்கிள், டிக்கெட்” என்று அந்தப் பெண் நீட்டினாள். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. கையை மடக்கியபடியே வைத்துக்கொண்டு, எதிர்ச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.