கடைசி அத்தியாயம்

நூலகத்து வாசகர் வட்டத்தில் மாதந்தோறும் ஆளுக்கொரு புத்தகத்தைச் சிபாரிசு செய்வார்கள். அன்று தையற்கடைக்காரர் ஒரு நாவலைத் தூக்கிக் காட்டியதும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அட்டையிலிருந்த பெயரை உற்றுப் பார்த்தார். எழுதியவள், அவர் தலைமுழுகிய மகள். அவள் கல்யாணத்துக்கு அவர் போகவே இல்லை.

"அருமையான கதை. ஆனா கடைசியில அந்த வீம்புக்கார அப்பன் மக கல்யாணத்துல வந்து நிக்கிறானாம். சுத்தப் புளுகு!"

எல்லோரும் சிரித்தார்கள். தன் ரத்தத்தைப் புளுகி என்பதா? அவர் எழுந்தார்.

"எழுதினது என் மக. அவ புளுக மாட்டா."

தையற்கடைக்காரர் பதறிப்போனார். "மன்னிச்சுக்கங்க சார். அப்போ நீங்க கல்யாணத்துக்குப் போயிருந்தீங்களா!"

பொய்யே சொல்லி அறியாதவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"போயிருந்தேன்," என்றார்.