அப்பாவுக்கு அதலக்காய்

பாம்பு கடித்து நூற்றுப் பதினைந்து மணி நேரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு, அப்பா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார். ஒற்றைச் செருப்புதான். இன்னொரு கால் வீங்கியிருந்ததால் செருப்புக்குள் நுழையவில்லை.

அம்மா கோழி அடிக்கலாம் என்றாள். அப்பா ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டார், குதிரைவாலிச் சோறும் அதலக்காயும் போதும் என்று. அதுவும் நான் செய்ய வேண்டுமாம். அதலக்காய் எங்கள் கரிசலில் மழைக்குத் தானாக முளைப்பது. பாகற்காயின் கசப்பு, சுண்டுவிரல் நுனி அளவு. இரண்டு முனையையும் கிள்ளிவிட்டுச் சின்ன வெங்காயத்தோடு சுருள வதக்கினேன். குதிரைவாலி பூத்து வெந்தது. பருப்பைக் கடைந்து வைத்தேன்.  உப்பு அள்ளும்போது வாசல் பக்கம் அப்பாவின் இருமல் கேட்டது. அடுப்பு முன்னால் தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பருத்திக்காட்டில் களை எடுக்கும்போது கண்ணாடி விரியன் கடித்தது. வலியிலும் அப்பா தெளிவாகச் சொன்னார், வீரணனுக்குப் போனைப் போடு என்று. வீரணன் மாமா அப்பாவோடு பள்ளிக்கூடம் போனவர். விஷக்கடிக்குப் பச்சிலை கட்டி மந்திரிப்பார். காசு வாங்கமாட்டார். விஷக்கடி என்று யார் கூப்பிட்டாலும், வாய்க்குக் கொண்டுபோன சோற்றையும் வைத்துவிட்டு ஓட வேண்டும் என்று சாமி முன்னால் சத்தியம் செய்தவர்.

நான் விலங்கியல் படித்தவள். அந்த விஷம் ரத்தத்தை என்ன செய்யும் என்று பரீட்சையில் ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். பச்சிலைக்கு அது அடங்காது என்று காட்டில் கூடிய அத்தனை பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்ல எனக்கு வரவில்லை. வரப்பு ஓரமாகப் போய்ப் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். எண்ணை அழுத்தவில்லை. திரும்பி வந்து சுவிட்ச் ஆப் என்று வருகிறது என்றேன். சித்தப்பா ஆட்டோவில் ஏற்றி அருப்புக்கோட்டைக்கு விரட்டினார். அங்கே குழாயில் எடுத்த ரத்தம் இருபது நிமிடம் கழித்தும் உறையவில்லை. மருந்து ஏற்றி ஏற்றி, மறுநாள் விடிந்த பிறகுதான் உறைந்தது.

பார்க்க வந்தவர்களிடம் அப்பா பாம்பைப் பற்றிப் பேசவில்லை. வீரணன் போனை அமத்தி வைத்ததைப் பற்றியே பேசினார். பேச்சு ஊருக்குப் போய்விட்டது. வெள்ளிக்கிழமை ஒரு பிள்ளையைத் தேள் கொட்டியபோது யாரும் மாமாவைக் கூப்பிடவில்லை. சத்தியம் மீறியவர் கை பலிக்காதாம். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்பாவுக்கு உடம்பு தேறட்டும் என்று தள்ளிப்போட்டேன்.

அப்பா இலை முன்னால் உட்கார்ந்தபோது வீரணன் மாமாவே வந்தார். நிலைக்கு வெளியே நின்றார். அம்மாதான் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து இலை போட்டாள். நான் சோறு வைத்தேன். அவர் தொடவில்லை.

அப்பா அதலக்காயை அள்ளிப் போட்டு மென்றார். கண்ணை மூடிக்கொண்டார்.

"நாக்கு செத்துக் கெடந்துச்சு தாயி" என்றார் என்னிடம். இன்னும் கொஞ்சம் கேட்டார். வைத்தேன். அந்த விரல்கள் சோற்றைப் பிசைவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

பிறகு மாமா பக்கம் திரும்பாமலே, "ஏலே, ஒம் போனுக்கு இப்ப உசுரு வந்துருச்சா?" என்றார்.

"அது எப்பவும் உசுரோடதாம்லே கெடக்கு. சாகக் கெடந்தது நீயி."

அம்மா சிரித்துவிட்டாள். அப்பா சிரிக்கவில்லை. மாமா சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்தார். அன்றைக்குச் சாயங்காலம் முழுக்க வீட்டில்தான் இருந்ததாகவும், யார் யார் கூப்பிட்டார்கள் என்று இதில் இருக்கிறது, பார்த்துக்கொள் என்றும் சொன்னார். 

அப்பா போனைத் தொடவில்லை.

"நான் எதுக்குப் பாக்கணும்? எம்மக பொய் சொல்லாது. அது வாயத் தொறக்கிறதே அபூர்வம்."

மாமா எழுந்திருக்கக் கையை ஊன்றினார். பருப்புச் சட்டியோடு நான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றிருந்தேன். குனிந்து, அவர் எழ வழி விடாமல், அவர் சோற்றில் ஒரு கரண்டி ஊற்றினேன். பருப்பு குதிரைவாலிக்குள் மெல்ல இறங்கியது.

"மாமாவுக்கு நான் போனே போடலப்பா" என்றேன்.