ஆறாத பிஸ்கட்

தையல்கார அம்மா தன் மகளின் டீச்சர்களுக்காகச் சுட்ட பிஸ்கட்டுகள் ஆறவே இல்லை. டிசம்பர் மாதத்து வருஷக் கடைசி விடுமுறைக்கு முந்தின நாள் காலையில் அவை டீச்சர்கள் கைக்குப் போயின. விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோதும் அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கியதுபோல இருந்தன. விளையாட்டு வாத்தியார் மட்டும் வாங்கிய இடத்திலேயே நின்று அத்தனையையும் தின்று தீர்த்திருந்தார். அந்தக் குளிர்காலம் முழுக்க அவருக்கு ஸ்வெட்டர் தேவைப்படவில்லை. அறிவியல் டீச்சர் ஒரு பிஸ்கட்டில் தெர்மாமீட்டரைச் செருகிப் பார்த்தார். மறுநாளும் பார்த்தார். பாதரசம் நின்ற இடத்திலேயே நின்றது. தெர்மாமீட்டர் கெட்டுவிட்டது, புதிது வேண்டும் என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டார்.

அந்தப் பிஸ்கட் சுட்டதற்குக் காரணம் கணக்கு டீச்சர். பிள்ளைகள் அவருக்கு முட்டை டீச்சர் என்று பெயர் வைத்திருந்தார்கள். முட்டை போடுவதில் அவர் கை அவ்வளவு தாராளம். தையல்கார அம்மாவின் புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த வருஷம், எல்லாரும் பொடிசு என்று கூப்பிடும் அவர் மகள், வீட்டில் தூங்காமல் வகுப்பில் தூங்கினாள். மற்ற டீச்சர்கள் தட்டி எழுப்பினார்கள். முட்டை டீச்சர் எழுப்பவில்லை. குரலைத் தணித்துக்கொண்டு பின்னக் கணக்கைக் குசுகுசுவென்று நடத்தினார், பிள்ளைகளும் குசுகுசுவென்றே விடை சொன்னார்கள். பொடிசு தெளிந்து எழுந்து உட்காரும்வரை அந்த வகுப்பு ரகசியம் பேசுவதுபோலத்தான் கணக்குப் படித்தது. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சீருடை வாங்க வந்த பக்கத்துத் தெரு அம்மா வாய்தவறிச் சொன்னதில்தான் தையல்கார அம்மாவுக்குத் தெரிந்தது. அவர் மிதித்துக்கொண்டிருந்த மிஷினை நிறுத்திவிட்டார்.

வருஷக் கடைசி வந்தது. "எல்லாரும் டீச்சருக்குக் கப்பு வாங்கித் தர்றாங்கம்மா" என்றாள் பொடிசு.

"கப்பு வாங்க நம்மால ஆகாது. அதோட, டீச்சருங்க வீட்ல கப்பு வெக்க இடமே இருக்காது. வாயில போடுற மாதிரி நாமளே ஏதாவது பண்ணுவோம்."

பழச்சாறு கடைக்காரர் குப்பையில் கொட்டும் ஆரஞ்சுத் தோலைக் கேட்டு வாங்கிக் காயவைத்துப் பொடித்தார்கள். மைதா, சர்க்கரை, கொஞ்சமே கொஞ்சம் வெண்ணெய். சுடுவதற்கு ஓவன் கிடையாது; அடிகனமான பாத்திரத்தில் உப்பைப் பரப்பி, அதன்மேல் தட்டை வைத்து மூடிச் சுட்டார்கள். வெட்டியதில் மிஞ்சிய லைனிங் துணியில் ஆளுக்கொரு சுருக்குப்பை தைத்து, பிஸ்கட்டைப் போட்டு நாடாவை இழுத்துக் கட்டினார்கள். ஒவ்வொரு பையைக் கட்டும்போதும் தையல்கார அம்மா அதை ஒரு நிமிஷம் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டார். அது அவருக்கே தெரியாமல் செய்த காரியம்.

ஆறாத பிஸ்கட் விஷயம் ஊரில் பரவியதும் ஆர்டர்கள் வந்தன. கல்யாணத்துக்குக் கேட்டார்கள், ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களுக்குக் கேட்டார்கள். சுட்டுக் கொடுத்தார், எல்லார் வீட்டுப் பிஸ்கட்டையும்போல அவையும் ஆறி அவலாய்ப் போயின. பேக்கரிக்காரர் ஒருநாள் முழுக்கச் சமையலறையில் நின்று பார்த்துவிட்டுப் போய் அதேமாதிரி செய்தார். ருசி இருந்தது, சூடு நிற்கவில்லை. வருஷக் கடைசியில் பொடிசின் டீச்சர்களுக்கென்று சுட்டவை மட்டும் வருஷம் தவறாமல் ஆறாமல் இருந்தன. வேறெதுவும் ஒத்துவரவில்லை என்றதும் ஊர் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

சூடு சும்மா வருவதில்லை. முதல் வருஷம் அடுப்புக்குப் பக்கத்தில், தட்டு ஆறவைத்த இடம் மட்டும் ஈரத்துணிபோலச் சில்லிட்டது. அடுத்த வருஷம் சமையலறை முழுக்க. பொடிசு மேல்வகுப்புக்குப் போவதற்குள் வீடே குளிர்ந்துவிட்டது. வெளியே தார் உருகும் வெயிலிலும் உள்ளே பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. மிஷின் எண்ணெய் உறைந்து போவதால் பாட்டிலை இடுப்பில் செருகிக்கொண்டுதான் தையல்கார அம்மா வேலையை ஆரம்பிப்பார். அளவு கொடுக்க வந்தவர்கள் போர்வையோடு வந்தார்கள். ஊசி குத்தினால் அவருக்கு வலிப்பது நின்றுபோயிருந்தது. துணியில் ரத்தம் பட்டிருப்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்.

"அம்மா, இது அந்தப் பிஸ்கட்டாலதான். நிறுத்திடலாம்மா" என்றாள் பொடிசு.

"நீ படிச்சு முடிக்கிற வரைக்கும் குடுக்கறதுதான். பேசாம இழுத்துப் போத்திக்க."

பொடிசு படித்து முடித்தாள். மேலே படிக்கத் தொலைதூர நகரத்துக்குப் போனாள், அங்கேயே வேலை, அங்கேயே கல்யாணம். தன்னோடு வந்து இருக்கும்படி கூப்பிட்டாள். மிஷினை விட்டுவிட்டு வந்து நான் என்ன செய்வேன் என்று தையல்கார அம்மா மறுத்துவிட்டார். முதலில் தினமும் வந்த போன் வாரத்துக்கு ஒன்றாகி, பிறகு யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் மட்டும் என்றாயிற்று. யார்மேலும் தப்பில்லை. பொடிசு பள்ளிக்கூடம் முடித்துப் போன அந்த வருஷக் கடைசியிலேயே கொடுக்க ஒரு டீச்சர்கூட இல்லை. ஆனாலும் கை கேட்கவில்லை. மாவு பிசைந்தார், உப்பைப் பரப்பினார், சுட்டார். தட்டை இறக்கிவைத்துவிட்டுத் திரும்புவதற்குள் பிஸ்கட்டுகள் கல்லாகக் குளிர்ந்து கிடந்தன. ஒன்றை எடுத்து நின்றபடியே தின்றார். சாப்பாட்டு மேஜையைச் சுற்றி மூன்று நாற்காலி இருந்தும் உட்காரத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் அப்படியே போயிற்று. ஒரு மத்தியானம் கதவு தட்டப்பட்டது. முட்டை டீச்சர் நின்றிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது, ஓய்வு பெற்றிருந்தார், கண்ணாடி தடித்துப் போயிருந்தது. உள்ளே காலை வைத்ததும் அவருக்கு உடம்பு வெடவெடவென்று ஆடியது. கைப்பைக்குள்ளிருந்து லைனிங் துணியில் தைத்த ஒரு சுருக்குப்பையை எடுத்தார்.

"பை பிரிஞ்சு போச்சும்மா. தைச்சுத் தருவீங்களா?"

தையல்கார அம்மா கையில் வாங்கினார். முதல் வருஷத்துப் பை. மரத்துப்போன விரல்களில் சுரீரென்று சூடு ஏறியது. வலி தாங்காமல் கண்ணில் நீர் முட்டியது.

"இன்னும் திங்கலையா டீச்சர்?"

"ஒண்ணு தின்னேன். மிச்சத்தையும் தின்னுட்டா, அப்புறம் வீட்ல யாரும்மா இருப்பா?"

தன் அம்மாவைப் பறிகொடுத்த பிறகு முட்டை டீச்சர் மாடி வீட்டில் தனியாகத்தான் இருந்தார். ராத்திரியில் பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு படுத்தால் பக்கத்தில் ஒரு பூனையோ குழந்தையோ படுத்திருக்கிற மாதிரி இருக்கும் என்றார். சொல்லிவிட்டு வெட்கப்பட்டார். பிறகு சுற்றிலும் பார்த்தார். தன் வாயிலிருந்து வரும் புகையைப் பார்த்தார், தையல்கார அம்மாவின் விரல்களைப் பார்த்தார். அவருக்குக் கணக்குப் போட வெகுநேரம் ஆகவில்லை.

"இது இங்கேருந்து வந்ததுதானே? நீங்களே வெச்சுக்கோங்க."

"நல்லாருக்கே! குடுத்ததைத் திரும்ப வாங்கற பழக்கம் எனக்குக் கிடையாது டீச்சர்." தையல்கார அம்மா இரட்டைத் தையலாகப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து, பையை அவர் மடியில் வைத்தார்.

டீச்சர் எழுந்திருக்கவில்லை. "அப்போ நான் நாளைக்கும் வர்றேன். இதைக் கொண்டுவந்து உங்க பக்கத்துல உக்காந்துக்கறேன். அது வாங்கறதாகாதுல்ல?"

தையல்கார அம்மா யோசித்துப் பார்த்தார். ஆகாது என்றுதான் பட்டது.

டீச்சர் மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். பை இருக்கும் இடத்தைச் சுற்றி ஒரு பாய் விரிக்கிற அளவுக்குத்தான் வீடு சூடானது. மிஷினும் ஒரு நாற்காலியும் அதற்குள் அடங்கின. டீச்சர் பொத்தான் வைத்துக் கொடுப்பார். ஒரு சீருடைக்கு எத்தனை துணி வீணாகிறது என்று மனக்கணக்காகச் சொல்லித் திட்டுவார். இருட்டுவதற்குள் டீச்சர் பையை எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விடுவார். அவர் போனதும் மிஷினடியில் குளிர் திரும்பி வந்து படுத்துக்கொள்ளும். தையல்கார அம்மா இரண்டு போர்வையை எடுத்துக்கொண்டு படுக்கப் போவார். வீட்டின் மற்ற இடங்களில் குளிர் கடைசிவரை குறையவே இல்லை. கோடையில் அக்கம்பக்கத்தார் பாலையும் வெண்ணெயையும் அவர் வீட்டுப் பின்னறையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். அந்தத் தெருவுக்குப் புதிதாக வந்த கேஸ் சிலிண்டர் ஆளிடம் பழைய ஆள், "அந்த வீட்டுக்குப் போறப்ப மட்டும் சட்டைக்கு மேல ஏதாவது போட்டுக்க" என்றார். புது ஆள் சரி என்றான். ஏனென்று கேட்கவில்லை.