ஐந்தாம் மாடிக்கு எத்தனை படி

லுவாவுக்குக் கணக்கு வராது என்று யாராவது சொன்னால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். வியட்நாமில், அம்மாவின் மீன்கடையில் விரலை மடக்காமல் மொத்தம் சொன்னவள். கிசொப்புக்கு வாழ்க்கைப்பட்டுக் கொரியாவின் இஞ்சியோனுக்கு வந்து ஒன்பது வருடமாகிறது. பள்ளிச் சான்றிதழுக்கான தேர்வில் மற்ற பாடமெல்லாம் தேறிவிட்டாள். கணக்கில் மட்டும் இரண்டு முறை மண்ணைக் கவ்வினாள். இதைத் தாண்டினால்தான் மேற்படிப்பு, அதன் பிறகுதான் அவள் ஆசைப்பட்ட நர்ஸ் உதவியாளர் வேலை.

மூன்றாவது தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. பயிற்சிப் புத்தகத்தில் ஒரு கேள்வி: மாடிக்கு மாடி பதினெட்டுப் படி, தெருவிலிருந்து நுழைந்தவர் ஐந்தாம் மாடிக்குப் போக எத்தனை படி ஏற வேண்டும்? கண்ணிமைப்பதற்குள் தொண்ணூறு என்று எழுதினாள். விடைப்பக்கத்தில் எழுபத்திரண்டு. புத்தகமே தப்பு என்று சண்டைக்கு நின்றாள்.

பேருந்து ஓட்டிக் களைத்து வந்திருந்த கிசொப் சாப்பாட்டிலிருந்து நிமிரவில்லை. "நீ தினம் படி கழுவுற கட்டடத்துல முதல் மாடியில என்ன இருக்கு?"

"சலவைக்கடை."

"அதுக்குப் படி ஏறியா போற?"

லுவா புத்தகத்தை மறுபடி தன் பக்கம் இழுத்தாள். அவள் ஊரில் தரைத்தளத்துக்கு மேலேதான் முதல் மாடி. இங்கே தெருவோடு இருப்பதே முதல் மாடி. துடைப்பத்தோடு ஏறும்போது தெரிந்த விஷயம், காகிதத்தில் மறந்து போகிறது. இத்தனை நாளும் எண்களைப் பொறுக்கிப் பெருக்கினாளே தவிர, அந்தக் கட்டடத்துக்குள் அவள் போகவே இல்லை. தன்மேலேயே கோபம் வந்தது.

அன்றிலிருந்து பென்சிலைத் தொடுவதற்கு முன்னால் ஒவ்வொரு கேள்வியையும் கொரிய மொழியில் கதையாகச் சொன்னாள். யார், எங்கே நிற்கிறார், எங்கே போகிறார், என்ன கேட்கிறார்கள் என்று கிசொப்பின் உயிரை வாங்கினாள். ஒருநாள் அவன் கேட்டபடியே தூங்கிவிட்டான். எழுப்பி உட்காரவைத்து மறுபடி முதலிலிருந்து சொன்னாள்.

முந்தைய இரண்டு முறையும் தேர்வறையிலிருந்து முதலில் வெளியே வந்தவள், இந்த முறை கடைசி ஆளாக எழுந்தாள். கூட்டல், பெருக்கலுக்கு அவள் ஒதுக்கியது ஐந்தே நிமிடம். மற்ற நேரமெல்லாம் கேள்விகளைப் படித்துக்கொண்டேயிருந்தாள்.

முடிவு வந்த அன்று அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தாள். நூற்றுக்கு எண்பத்தைந்து.

"கடையில கணக்குப் போட்ட பொண்ணுக்கு இதுக்கு மூணு தடவையா?" என்றாள் அம்மா.

 "கணக்கு அப்பவே தெரியும்மா. இவங்க கேக்குறது இப்பத்தான் புரியுது."