தொண்ணூறாம் நாள் சாட்சி

எனக்குச் சாட்சி சொல்வதென்றால் அல்வா சாப்பிடுவது மாதிரி. பதினான்கு வருஷத்தில் என் கதையை இருநூறு மேடையிலாவது சொல்லியிருப்பேன். ஜெபசுந்தர் என்கிற பள்ளிக்கூட வாத்தியார் குடித்து வேலையைத் தொலைத்தது, ஓடையில் விழுந்து கிடந்தது, கண்விழித்தபோது பக்கத்தில் ஒரு பாம்பு படுத்திருந்தும் தீண்டாமல் போனது, அன்றோடு குடியை விட்டது. முதல் வருஷம் அது தண்ணீர்ப்பாம்பாக இருந்தது. ஐந்தாம் வருஷம் சாரையானது. இப்போது நல்லபாம்பு. என் மனைவி சுந்தரபாய், "அடுத்த வருசம் அதுக்கு அஞ்சு தல வந்துரும்" என்பாள்.

சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டில் நாங்கள் ஒரு மறுவாழ்வு இல்லம் நடத்துகிறோம். இருபது கட்டில். குடியை விட வந்தவர்களும் போக இடமில்லாதவர்களும் இருக்கிறார்கள். வாரம் ஒருநாள் டாக்டர் வருவார். மற்ற நாளெல்லாம் ஜெபமும், தோட்ட வேலையும், சுந்தரபாய் வைக்கும் குழம்பும்தான் மருந்து. எந்தச் சாமியைக் கும்பிடுகிறாய் என்று யாரையும் கேட்பதில்லை.

ஆனால் இரண்டு சட்டம் உண்டு. இரண்டும் நான் போட்டவை. தொண்ணூறு நாளைக்கு வீட்டாரைப் பார்க்கவோ பேசவோ கூடாது. தொண்ணூறாம் நாள், வீட்டாரும் விருந்தாளிகளும் உட்கார்ந்திருக்கிற கூட்டத்தில் மைக்கைப் பிடித்துச் செய்த பாவத்தையெல்லாம் சொல்லவேண்டும். அதற்குப் பிறகுதான் வீடு. அவன் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லக் கூட்டம் "ஸ்தோத்திரம்" என்று குரல் கொடுக்கும். இத்தனையிலிருந்தும் இவனைத் தூக்கிவிட்டாயே என்று ஆண்டவருக்குச் சொல்கிற நன்றி அது. பாவம் பெரிதானால் சத்தமும் பெரிதாகும்.

இசக்கிப்பாண்டி சித்திரையில் வந்தான். பனவடலிசத்திரத்துக்காரன், ஆடு மேய்க்கிறவன், நாற்பத்தைந்து வயது. அவன் மனைவி ஆறுமுகத்தாய்தான் கூட்டிவந்து விட்டாள். முதல் பத்து நாள் கை நடுக்கத்தில் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. பிறகு எங்கள் நான்கு ஆடுகளைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தான். ஆடுகளும் அவனும் ஒரே நேரத்தில் சதை பிடித்தார்கள். மணிக்கட்டில் சிவப்புக் கயிறு கட்டியிருந்தான். ஜெப நேரத்தில் கண்ணை மூடி அந்தக் கயிற்றைத் தடவிக்கொண்டிருப்பான்.

எண்பதாம் நாள் மத்தியானம் ஆட்டுக் கொட்டகையில் வைத்து அதைச் சொன்னான். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவன் மகன் கணேசன் இறந்துபோனான். ஏழு வயது. மூன்று நாளாகக் காய்ச்சல். அன்றைக்கு ஆறுமுகத்தாய் சுற்றிய பீடியைக் கடையில் போடவேண்டிய நாள். காலையில் உட்கார்ந்து மிச்சத்தைச் சுற்றி முடித்துவிட்டு, பத்து மணிக்குப் பிள்ளையை மொபெட்டில் ஏற்றி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லி இவனோடு அனுப்பினாள். குடிக்கமாட்டேன் என்று பிள்ளை தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னாள். பண்ணினான். சங்கரன்கோவிலுக்குள் நுழைந்ததும் ஒயின்ஷாப் இருந்தது. ஒரே ஒரு கட்டிங் என்று வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்தி, பிள்ளையை அதன் மேலேயே உட்காரவைத்துவிட்டுப் போனான். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை. கொஞ்சம் முன்னால் வந்திருக்கக்கூடாதா என்று டாக்டர் கேட்டாராம். வண்டி பஞ்சராகிவிட்டது என்று டாக்டரிடம் சொன்னான். ஆறுமுகத்தாயிடமும் அதையே சொன்னான். அவள் இன்றைக்கும் பஞ்சர் என்றுதான் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

நான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அது பொய்யில்லை. ஆனால் அழுதுகொண்டிருக்கும்போதே, இதை இவன் மைக்கில் சொன்னால் கல்லும் கரையுமே என்று ஒரு மூலையில் நினைத்தேன். அதுவும் பொய்யில்லை.

இரண்டு நாள் கழித்து ஒரு வேண்டுதலோடு வந்தான். "கூட்டத்துக்கு முன்னால அவகிட்ட தனியாச் சொல்லிருதேன் அண்ணாச்சி. ஒரு பத்து நிமிசம் குடுத்தாப் போதும்."

முடியாது என்றேன். முன்னொருவனை அப்படி விட்டதில், மனைவி அங்கேயே ஒப்பாரி வைத்துக் கையைப் பிடித்து இழுத்துப்போய்விட்டாள். ஒரு வாரத்தில் அவன் பழைய இடத்தில் கிடந்தான். சட்டம் அதற்காகத்தான் என்று விளக்கினேன். மறைத்தால் அழுகும், சொன்னால் ஆறும் என்றும் எடுத்துவிட்டேன். தொண்ணூறாம் நாளன்று திருநெல்வேலியிலிருந்து பெரிய சபைக்காரர்கள் வருகிறார்கள், புதுக் கட்டடம் கட்டித் தரும் யோசனையில் இருக்கிறார்கள் என்பதை மட்டும் விளக்கவில்லை. சுந்தரபாய் அடுக்களையிலிருந்து, பெற்றவளுக்குத் தெரியவேண்டியது முதலில் பெற்றவளுக்குத் தெரியட்டும் என்றாள். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற எனக்கா இவள் புத்தி சொல்வது என்று நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தொண்ணூறாம் நாள் கோவிலின் ஆடித்தபசுத் திருவிழா நெருக்கத்தில் வந்தது. அத்தனை கூட்டத்திலும் பஸ்ஸில் இடிபட்டு ஆறுமுகத்தாய் பதினொரு மணிக்கே வந்துவிட்டாள். மஞ்சள் சேலை, தலை நிறையப் பூ. கையிலிருந்த பையில் புருஷனுக்குப் புது வேட்டி, சட்டை, கோவிலில் வாங்கிய புற்றுமண் ஒரு பொட்டலம். உடுத்தி, நெற்றியில் இட்டு, நாலு மணி பஸ்ஸில் வீட்டுக்குக் கூட்டிப்போகப்போவதாகச் சுந்தரபாயிடம் சொல்லியிருக்கிறாள். மெலிந்து கிடந்த ஆள் இப்படித் தேறிவிட்டாரே என்று அவனைத் தூரத்திலிருந்தே பார்த்துச் சிரித்தாள். நான்தான் கிட்டே விடவில்லை.

அவளை முன்வரிசையில் உட்காரவைத்தேன். கூட்டத்தில் நூறு பேர் இருப்பார்கள். இசக்கிப்பாண்டி மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். மனைவியை அடித்ததைச் சொன்னான். ஸ்தோத்திரம் என்றார்கள். ஆட்டை விற்றுக் குடித்ததைச் சொன்னான். ஸ்தோத்திரம். பிறகு நின்றுவிட்டான். என்னைப் பார்த்தான். சொல்லு என்று நான் தலையை அசைத்தேன்.

காய்ச்சலையும், சத்தியத்தையும், வேப்பமரத்தையும் சொன்னான். மனைவியைப் பார்க்கவேயில்லை. "பஞ்சர்லாம் இல்ல. நான் குடிச்சிக்கிட்டு இருந்தேன். எம் பிள்ள அதனாலதான் செத்தான்" என்று முடித்தான்.

 கூட்டம் முழுவதும் பழக்கத்தில், என் வாழ்நாளில் நான் கேட்ட மிகப் பெரிய சத்தத்தில், ஸ்தோத்திரம் என்றது. முதல் குரல் என்னுடையது.

ஆறுமுகத்தாய் எழுந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் அவளும் சாட்சி சொல்லத்தான் எழுகிறாள் என்று நினைத்து வழிவிட்டார்கள். அவள் அழவில்லை. என்னிடம் வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, எம் பிள்ள செத்ததுக்கு நூறு பேரு ஸ்தோத்திரம் சொல்லுதாவ" என்றாள்.

பையை நாற்காலியிலேயே விட்டுவிட்டு வெளியே போனாள். நான் பின்னால் ஓடினேன். ரோட்டில் வந்த ஆட்டோவில் ஏறிவிட்டாள். திரும்பி வந்தபோது திருநெல்வேலிக்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அருமையான சாட்சி என்று என் கையைக் குலுக்கினார்கள். அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இசக்கிப்பாண்டி இல்லத்திலேயே தங்கிவிட்டான். குடிக்கவில்லை. குடித்திருந்தாலாவது அவனை அதட்டி, நான்கு வார்த்தை சொல்லி, என் தொழிலைப் பார்த்திருப்பேன். அவன் ஆட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தான். ஒவ்வொரு பஸ் நிற்கும்போதும் வாசலைப் பார்ப்பான். சுந்தரபாய் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. எட்டாம் நாள் அந்தப் பையை என் கையில் கொடுத்து, போய் அவள் காலில் விழுந்துவிட்டு வாருங்கள் என்றாள்.

பனவடலிசத்திரத்தில் ஆறுமுகத்தாய் வீட்டுக்குள் தட்டை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். மன்னிப்புக் கேட்டேன்.  கையிலிருந்த பீடியைச் சுற்றி, நூல் கட்டித் தட்டில் போட்டுவிட்டுப் பேசினாள்.

"ஆறு வருசமா நாந்தான் கொன்னேன்னு இருந்தேன் அண்ணாச்சி. பீடியச் சுத்தி முடிச்சிட்டுல்லா அனுப்புனேன். வெள்ளனயே அனுப்பிருந்தாப் பொழச்சிருப்பான்னு சொல்லிச் சொல்லி அழுவேன். அந்த மனுசன் பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டேதான இருந்தாரு. குடிச்சதக்கூட விட்டுத் தள்ளிருவேன். இத எப்படி விட?"

நான் வாத்தியார், வாய்க்கு வேலை கொடுத்தே பிழைத்தவன்.  அன்றைக்குப் பையை மட்டும் மூலையில் வைத்துவிட்டு எழுந்தேன். வாசலுக்கு வந்தபோது கூப்பிட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. வண்டி மேல உக்காந்து கெடந்தானே, அந்நேரம் பிள்ள என்னையத் தேடுனானா?"

இல்லத்துக்குத் திரும்பி, கொட்டகையில் இருந்த இசக்கிப்பாண்டியிடம் அதைச் சொன்னேன். அவன் கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே வைத்தான். முகத்தைப் பார்த்தபோதே பதில் தெரிந்தது.  தண்ணீர்ப்பாம்பை நல்லபாம்பாக்கியவனுக்கு இது பெரிய காரியமா? பிள்ளை தூங்கிவிட்டான் என்று சொல்லிவிடுவோம், அவள் கொஞ்சமாவது நிம்மதியாக இருப்பாள் என்றேன்.

"வேண்டாம் அண்ணாச்சி. நானே போய்ச் சொல்லுதேன். நீங்க வெளிய நில்லுங்க, போதும்."

மறுநாள் காலையில் இருவரும் போனோம். அவன் வீட்டுக்குள் நுழைந்தான். நான் ரோட்டோரத்து டீக்கடையில் நின்றேன். வாங்கிய டீயைக் குடிக்கவில்லை. கால்மணி நேரம் போனது. பிறகு ஆறுமுகத்தாய் அழுகிற சத்தம் கேட்டது. அன்றைக்குக் கூட்டத்தில் வராத அழுகை அது. டீக்கடைக்காரர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் பார்க்கவில்லை.

இசக்கிப்பாண்டி வெறுங்கையோடு வெளியே வந்தான். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தான். சங்கரன்கோவிலுக்குள் நுழையும் இடத்தில், ஒயின்ஷாப்பும் அந்த வேப்பமரமும் வந்தபோது மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அது தாண்டியபிறகுதான் பேசினான்.

"அம்ம எப்ப வருவா, அம்ம எப்ப வருவான்னு கேட்டுக்கிட்டே இருந்தான் அண்ணாச்சி. அதச் சொல்லிட்டேன்."

வீட்டுக்கு வரச் சொன்னாளா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினான்.

பதினான்கு வருஷப் பழக்கம். ஒருவன் உண்மையைச் சொல்லி முடித்ததும் என் வாய் தானாகத் திறந்தது. பல்லைக் கடித்து அந்த வார்த்தையை விழுங்கிவிட்டு, சிவப்புக் கயிறு கட்டிய அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.