கொழுப்பு

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா வீட்டு ஹாலில் டி.வி.யை நிறுத்திவிட்டு என்னை எடை மெஷின் மேல் ஏற்றுவார்கள். பர்ஸ், சாவி, போன் எல்லாவற்றையும் சோபாவில் வைத்துவிட்டு, சட்டையையும் கழற்றிப் போட்டுவிட்டு நான் ஏறி நிற்பேன். அக்கா வீட்டுக்காரர் சிவசங்கர் மாமா குனிந்து எண்ணைப் படிப்பார். நான் படிக்கக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை. வயிறு மறைக்கிறது, அவ்வளவுதான். இந்த வாரம் அவர் இரண்டு தடவை குனிந்து பார்த்துவிட்டு, "போன வாரம் காட்டனதேதான் காட்டுது மச்சான்" என்றார். சமையலறை வாசலில் நின்றிருந்த அம்மா, "மிஷினு சரியா கீதான்னு பாருப்பா" என்றாள். மாமா தானே ஏறிப் பார்த்தார். மெஷின் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அம்மாவின் முகத்தைப் பார்த்து, "எதுக்கும் பேட்டரி மாத்திட்டுப் பாக்கலாம்" என்று அதைக் கழற்ற ஆரம்பித்தார்.

எழிலரசி அக்காவுக்குக் கல்லீரல் கெட்டுவிட்டது. ஒரு சொட்டு குடித்தவள் இல்லை. எங்கள் பிள்ளைப்பாக்கத்தில் குடித்துக் குடித்தே வாழ்கிறவர்கள் எல்லாம் திடமாக நடமாட, இவளுக்கு ஏன் வந்தது என்று டாக்டருக்கே சரியாகத் தெரியவில்லை. சொந்தத்தில் யாராவது ஈரலில் ஒரு பாதியைக் கொடுத்தால் பிழைப்பாள், இல்லாவிட்டால் இந்த வருஷம் தாண்டுவது கஷ்டம் என்றார்கள். அம்மாவுக்கு வயது தாண்டிவிட்டது, மாமாவுடையது பொருந்தவில்லை. என்னுடையது பொருந்தியது. எனக்குக் கல்யாணமும் ஆகவில்லை, கேட்க வேண்டியவர்கள் யாரும் இல்லை. "கடவுள் கண்ணத் தொறந்துட்டாரு" என்று அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கும்பிட்டாள். பிறகு டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறது, எட்டு கிலோ இறக்கிவிட்டு வாருங்கள் என்றார். சின்ன வயதிலிருந்து அம்மா என்னை "ஒனக்குக் கொழுப்பு ஜாஸ்திடா" என்று திட்டியதைப் படம் பிடித்து உறுதி செய்ததுபோல் இருந்தது. நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கடாவுக்காவது தழை ஒடித்துப் போடுவார்கள். என்னைப் பட்டினி போட்டு வளர்க்கிறார்கள். வீட்டில் ராகிக் கூழும் வேகவைத்த கொள்ளும். வல்லம் வடகாலில் நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற குடோனில், கேன்டீன்காரருக்குக்கூட விஷயம் தெரிந்து, பூரி போடுகிற நாளில் என் தட்டை அவரே ஒதுக்கிவிடுகிறார்.

ஆஸ்பத்திரியில் இந்த ஆபரேஷன் விஷயங்களைப் பார்த்துக்கொள்கிற மெர்சி மேடம்தான் அந்த யோசனையைச் சொன்னார். "ஒவ்வொரு கிலோ குறையும்போதும் உங்களுக்கு நீங்களே ஒரு பரிசு கொடுத்துக்கணும் சார். சாப்பாடா மட்டும் இருக்கக் கூடாது. உங்களுக்கு என்ன பிடிக்கும்?" ஈரல் வறுவல் என்று வாய் வரைக்கும் வந்தது. இடம் பார்த்து அடக்கிக்கொண்டேன். வேறு என்ன பிடிக்கும் என்று யோசித்தேன். மேடம் பேனாவை மூடிவைத்துவிட்டுக் காத்திருந்தார். முப்பத்துநாலு வயது ஆளுக்கு ஒன்றும் தோன்றவில்லை என்பதைப் பார்த்து அவருக்கே சங்கடமாகிவிட்டது.

முதல் கிலோவுக்கு ஒரு டி-ஷர்ட் வாங்கினேன். இரண்டு தடவை போட்டேன். இரண்டாவது கிலோவுக்குத் தனியாக சினிமா போனேன். வரிசை முழுக்கப் பாப்கார்ன் வாசனை. தூங்கிவிட்டேன், லைட் போட்டபோது எழுந்தேன். மூன்றாவதற்கு சலூனில் தலைக்கு மசாஜ். கடைக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "இன்னா தல, இளைச்சிட்ட, சுகரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன், அதுதான் சுலபம். நாலாவது கிலோ இறங்கிய சமயத்தில் குடோனில் விபத்தில்லாமல் வண்டி ஓட்டியதற்கு எனக்கு ஒரு பரிசு கொடுத்தார்கள். கைதட்டலுக்கு நடுவே மேடையிலேயே பிரித்துப் பார்த்தேன், ஹாட் பாக்ஸ். எங்கள் பக்கத்தில் சாப்பாடு அல்லாத பரிசு என்றால் சாப்பாடு போட்டு வைக்கிற பாத்திரம்.

ஐந்தாவது கிலோவுக்கு நான் எதுவும் வாங்கவில்லை. ஷிப்ட் முடிந்து வரும்போது படப்பைக்கு உள்ளே, மனை பிரித்துக் கல் நட்டுப் போட்டிருக்கிற ஒரு காலி இடத்தில் வண்டியை நிறுத்தி, போனை அணைத்துவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். யாரும் எவ்வளவு இறங்கியது என்று கேட்கவில்லை. பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் மறுநாளும் போனேன்.

பயமா என்றால் அதுவும் இல்லை. பல்லுக்கு ஊசி போட்ட பிறகு நம் கன்னத்தையே தொட்டுப் பார்த்தால் வேறு யாருடைய கன்னமோபோல் இருக்குமே, நான் முழு ஆளாக அப்படி இருந்தேன். மெர்சி மேடம் ஒருமுறை தனி அறையில், "மனசார சம்மதம்தானே? இல்லைன்னாலும் சொல்லலாம்" என்று கேட்டார்தான். கதவுக்கு வெளியே பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருந்தாள். வண்டி எடுக்குமுன் பிரேக், ஹாரன், லைட் என்று வரிசையாக டிக் அடிப்பதுபோல் தலையாட்டிவிட்டு வந்தேன்.

மெஷினிலிருந்து கழற்றிய பேட்டரியோடு, மாமா அம்மாவையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு புதுசு வாங்கப் போனார். நான் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது உள்ளே இருந்து அக்கா கூப்பிட்டாள்.

கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கையும் கழுத்தும் குச்சியாகிவிட்டன, வயிறு மட்டும் மாசமானவளுக்குப் போல் நிற்கிறது. கண்ணின் மஞ்சளைப் பார்க்காமல் பேச நான் பழகியிருந்தேன். பக்கத்தில் உப்பில்லாத கஞ்சி ஆடை படிந்து கிடந்தது.

"எறங்கலியா?"

"இந்த வாரம் எறங்கலக்கா. அடுத்த வாரம் எறங்கிடும்."

"நீ துன்னியா?"

"இல்லக்கா. சத்தியமா."

"துன்னா இன்னான்னுதான் கேக்கறேன்." மூச்சு வாங்கிக்கொண்டே தலையணையை முதுகுக்கு இழுத்துக்கொண்டாள். "ரகு, ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாத. வேணான்னா வாயத் தொறந்து வேணான்னு சொல்ல ஒன்னால முடியாது. எனக்குத் தெரியும், அம்மா இருக்கறப்ப யாராலயும் முடியாது. நீ சொல்லவே வேணாம். சாப்புடு. எட எறங்கலன்னா டாக்டரே வேணான்னுடுவாரு. யாரும் ஒன்ன ஒரு வார்த்த கேக்க மாட்டாங்க. நானும் கேக்க மாட்டேன்."

"இன்னாக்கா பேசற நீ?"

"அந்த மேடம் கிலோவுக்கு ஒரு பரிசு குடுத்துக்கச் சொன்னாங்கன்னு சொன்னியே. நான் குடுக்கறதுன்னு வச்சிக்கோ." கஞ்சித் தம்ளரை எடுத்துக்கொண்டாள். "போ, அவங்க வர்றதுக்குள்ள."

எனக்குக் கோபம் வந்தது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு எனக்குள் வந்த முதல் உணர்ச்சி அதுதான், அது அவள் மேலேயே வந்தது. யாரும் கேட்காதவரை நான் சௌகரியமாக இருந்தேன். எல்லாரும் பிடித்துத் தள்ளுகிறார்கள், நான் போகிறேன் என்று இருந்தேன். சாகக் கிடக்கிறவள் இப்போது கதவைத் திறந்துவிட்டுவிட்டாள். இனிமேல் போனாலும் நான் போனதுதான், போகாவிட்டாலும் நான் போகாததுதான். என்ன தைரியம் இவளுக்கு என்று பைக்கை உதைத்தேன். ஒரகடம் ரோட்டில் பாதி தூரம் போன பிறகு, அவளுக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று தோன்றியது. பைக்கை ஓரங்கட்டி நிறுத்தவேண்டி வந்தது. கண் சரியாகத் தெரியவில்லை.

நிறுத்திய இடத்துக்கு எதிரிலேயே ஒரு பிரியாணிக் கடை. அண்டாவை அப்போதுதான் திறந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனதால் ஹாஸ்டல் பையன்கள் கூட்டம். கை கழுவிவிட்டு, உள்ளே காலியாக இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து மட்டன் ஒன்று என்றேன். இலையில் கொட்டி, மேலே வெங்காயப் பச்சடியை வைத்துவிட்டுப் போனார். பசித்தது. இத்தனை மாதமும் நேரம் பார்த்து வந்து போன பசி இல்லை இது. காது வரைக்கும் பசித்தது. எனக்கு இந்தச் சோறு வேண்டும். அக்காவும் வேண்டும். இரண்டும் வேண்டும் என்று தெரிந்தது, ஆனால் கை மட்டும் நகரவில்லை.

"சார், ஆறிடும்" என்றார் பரிமாறுகிறவர்.

கழுவிய கை எப்போதோ காய்ந்திருந்தது. எழுந்து குழாயடிக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டேன். பின்னால் கழுத்தில் கம்பெனிக் கார்டு தொங்க ஒரு பையன் வந்து நின்றான். பேச்சைக் கேட்டால் திருநெல்வேலிப் பக்கம்.

"அண்ணே, சாப்ட்டாச்சா, இனிமதான் சாப்பிடணுமா? எந்திச்சிட்டீயன்னா அந்த எடத்துல உக்காந்துக்கிடுதேன்."

அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். தண்ணீர் என் கையில் விழுந்துகொண்டே இருந்தது.