மூன்றாவது உச்சக்கட்டம்

நான்கு மணிக்குத் தோட்ட மண்டபத்துக்கு நேரில் வராத குடும்பத் தலைவருக்கு மாற்று வீடு கிடையாது. மலேசியாவில் ரெம்பாவை அடுத்த அந்தச் செம்பனைத் தோட்டம் விற்கப்பட்டுவிட்டது. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்கள் இடிபடப் போகின்றன. லயத்தைக் காலி செய்யும் சம்மதமும் புதுவீட்டுப் பதிவும் ஒவ்வொருவருக்கும் ஒரே தாளில் இருந்தன. கையொப்பமிட வேண்டியவர்கள் இருபத்திரண்டு பேர்.

அந்த இருபத்திரண்டு பேரும் மூன்று மணிக்கு எங்கே இருந்தார்கள்? சிரம்பான் நகரத் திரையரங்கில், குளிரூட்டிய இருட்டில், ஒரு கதாநாயகன் இரண்டாவது படையை அழித்துவிட்டு மூன்றாவது படையை அழிக்கக் கிளம்புவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அழைத்து வந்தவன் முகுந்தன், தோட்டத்து ரசிகர் மன்றத் தலைவன். பேருந்தும் நுழைவுச்சீட்டும் அவன் உபயம். பன்னிரண்டரைக்குத் தொடங்கும் படம் மூன்றுக்குள் முடிந்துவிடும், நான்குக்கு முன்பே மண்டபத்தில் இறக்கிவிடுகிறேன் என்று வாக்களித்திருந்தான். படத்தின் நீளத்தை அவன் விசாரிக்கவில்லை. வந்தவர்களில் எவரும் விசாரிக்கவில்லை. நாயகனின் பெயர் தெரிந்ததே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது!

செம்பனைக் குலை வெட்டும் குழுவில் வேலை செய்யும் நீலாவதி விசாரித்தாள், காலந்தாழ்த்தி. கைப்பேசியின் வெளிச்சத்தைத் துப்பட்டாவால் மறைத்துத் தேடினாள். படத்தின் நீளம் மூன்று மணி நேரம் நாற்பது நிமிடம். விளம்பரங்களையும் சேர்த்தால் முடிவதற்கே நாலே கால் தாண்டும்.

ஆனால் யார் எழுவது? பந்தியில் பக்கத்து இலைக்காரர் உண்டு முடிக்கும்முன் எழக்கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் அவர்கள். சோற்றுக்கு உரிய அந்த மரியாதையைத் திரையரங்குக்கும் தூக்கி வந்திருந்தார்கள். விருந்து வைத்தவன் உட்கார்ந்திருக்க விருந்தாளி எழலாமா? சிலருக்குக் கால் மரத்துவிட்டது. சிலர் குறட்டை விட்டார்கள். கைக்கடிகாரத்தைப் பார்த்தவர்கள், பார்த்ததையே மறைத்தார்கள்.

நீலாவதி குனிந்து, முன்வரிசையில் இருந்த முகுந்தனிடம் நேரமாகிவிட்டது என்றாள்.

"உக்காருங்கக்கா. இப்பதான் கிளைமாக்ஸ்."

"கிளைமாக்ஸ் ரெண்டு தடவ முடிஞ்சிருச்சு தம்பி. இது மூனாவது."

பக்கத்தில் சிலர் சிரித்தார்கள். நடுவில் எழுந்து போனால் மன்றத்துக்கே அவமானம், ஆபீஸ்காரர்கள் கொஞ்சம் காத்திருப்பார்கள் லா என்றான் முகுந்தன்.

அவள் நிமிர்ந்தாள். வரிசையின் நடுவே, திரையின் ஒளி முதுகில் விழத் திரும்பி நின்றாள். மறைக்காதே என்று பின்னாலிருந்து யாரோ அதட்டினார்கள்.

"மறைப்பேன். அவரு ஜெயிச்சிருவாரு, நம்ம கைதட்டலனாலும் ஜெயிச்சிருவாரு. நாலு மணிக்கு நம்ம அங்க இல்லன்னா நமக்கு வீடு இல்ல. திருச்செல்வண்ணே, பஸ் சாவி உங்ககிட்டதானே இருக்கு? எந்திரிங்க."

பேருந்து ஓட்டும் திருச்செல்வம் முகுந்தனைப் பார்த்தார். அவர் எழுவதற்குள் இன்னொருத்தி எழுந்துவிட்டாள்: தாயம்மா, முகுந்தனைப் பெற்றவள். அவள் மகனைத் திரும்பியும் பார்க்கவில்லை. அதன்பின் நாற்காலிகள் படபடவென்று மடங்கின. இரண்டு வரிசைகள் காலியாயின. முகுந்தன் மட்டும் எழவில்லை.

பேருந்து தோட்டத்தை அடைந்தபோது நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. மண்டபத்தில் நிறுவன அலுவலர் ஒவ்வொரு பெயராக அழைத்தார். இருபத்தொரு பேர் பதில் சொல்லித் தாளையும் பேனாவையும் வாங்கிக்கொண்டார்கள்; கையொப்பம் எல்லாப் பெயரும் அழைத்த பின்புதான். கடைசிப் பெயர் முகுந்தன்; அதை அழைக்கும்போது மணி நான்கு. படம் முடியும்முன்பே அவனும் வெளியே வந்து வாடகைக் காரில் ஏறிவிட்டதாக அப்போதுதான் நீலாவதியின் கைப்பேசிக்குச் செய்தி வந்திருந்தது. நாலு மணி என்றால் நாலு மணிதான் என்று சொல்லி, பட்டியலில் பெயரை அடிக்க அலுவலர் தன் பேனாவை எடுத்தார்.

"அடிக்காதீங்க சார். அவன் வந்துக்கிட்டு இருக்கான்," என்றாள் நீலாவதி.

அவருக்குக் காத்திருக்க நேரமில்லையாம். விதி விதிதானாம்.

"அப்ப எங்க கையெழுத்தும் உங்களுக்கு இல்ல. லயத்த எப்படிக் காலி பண்ணுவீங்கன்னு பாப்போம்."

அவள் தன் பேனாவை மேசைமீது வைத்தாள். திருச்செல்வம் வைத்தார். ஒன்றன்பின் ஒன்றாக இருபத்தொரு பேனாக்களும் மேசைக்கு வந்தன. கையொப்பமில்லாத தாள்களோடு ஊர் திரும்பினால் தன் மேலாளர் என்ன கேட்பார் என்பது அலுவலருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சுவர்க் கடிகாரம் நான்கைத் தாண்டியது. அவர் தன் பேனாவை மூடிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.